மாசியில் பேசும் கம்பளி

எட்டாம் வகுப்பு சயன்ஸ் புத்தகத்தில் மின்சாரப் பாடம் ஐப்பசி மாதத்தில்தான் வரும். அந்தப் புத்தகத்தை எழுதியவர் மெட்ராஸில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே வருடமெல்லாம் காய்ந்து கிடக்கிற எங்கள் கரிசல் காட்டில் மழை என்று ஒன்று பெய்தால் அது ஐப்பசி, கார்த்திகையில்தான் பெய்யும். அப்போது பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகும், சுவர் வேர்க்கும், சாக்பீஸ்கூட நமத்துப் போகும். அந்த ஈரத்தில் நின்றுகொண்டு நான் எபோனைட் என்கிற கறுப்புக் கெட்டி ரப்பர்க் கோலைக் கம்பளித் துண்டால் தேய்ப்பேன்.

தேய்த்த கோலைக் காகிதத் துணுக்குகளுக்கு அருகில் கொண்டுபோனால் அவை எழும்பி வந்து ஒட்டும் என்று போட்டிருக்கும். கை வலிக்கத் தேய்ப்பேன். காகிதம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். சோளத்தட்டையின் உள்நெட்டியைப் பந்தாக உருட்டி நூலில் கட்டித் தொங்கவிட்டும் பார்த்தேன். பந்து அசையவில்லை, பிள்ளைகள்தான் கொட்டாவி விட்டார்கள். கம்பளித் துண்டைப் பூச்சி அரித்துவிட்டது என்று அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு, "ஒட்டும்னு எழுதிக்கோங்க" என்பேன். வேதம் படிக்கிற ஞானோபதேச வகுப்பில் எழுதிக்கொள்கிற மாதிரியே எதிர்க்கேள்வி கேட்காமல் எழுதிக்கொள்வார்கள். எனக்கு எரிச்சலாக வரும். பார்க்காத ஒன்றை நம்பச் சொல்வதற்கு ஊரில் உபதேசியார் ஒருவர் இருக்கிறார், அவர் போதும்.

நான் பாளையம்பட்டிக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்து வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, தெரசாள் அக்கா வீட்டில் ஒரு பாதியை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மண்சுவர் மட்டும்தான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அவள் புருஷன் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகன் செல்வதுரை பட்டாளத்துக்குப் போய் பர்மாவில் செத்துப்போனான். தந்தி வந்தது, உடம்பு வரவில்லை. கல்லறை இல்லாத சாவு என்பதால் ஊரில் யாருக்கும் எப்படித் துக்கம் கேட்பது என்றே தெரியவில்லை. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள்.

சண்டை முடிந்து அடுத்த மார்கழியில் பந்தல்குடிப் பையன் ஒருவன் வந்தான். பெயர் பால்பாண்டி. செல்வதுரையோடு ஒரே கூடாரத்தில் இருந்தவனாம். கையில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டாளத்துக் கம்பளி வைத்திருந்தான்.

"காய்ச்சல்ல இதைத்தான் போத்திக்கிட்டுக் கெடந்தான் ஆத்தா. புதைக்கையில நான் எடுத்து வச்சுக்கிட்டேன். ஒண்ணாவது உங்ககிட்ட வந்து சேரணும்ல."

தெரசாள் அக்கா கம்பளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சாகையில பக்கத்துல சாமியாரு இருந்தாரா தம்பி?"

"சாமியாரா? இல்ல ஆத்தா. நான்தான் இருந்தேன்."

அந்தப் பையனுக்குக் கேள்வியின் பாரம் தெரியாது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், சாகும் நேரத்தில் எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் இல்லாமல் செத்த பிள்ளையின் ஆத்துமா எங்கே போயிருக்கும் என்பதுதான் அவள் கேட்டது. அவன் போனபிறகு, "நல்ல பையன். தனியா விடல பாருங்க" என்று என்னிடம் சொன்னாள். குரலில் நிம்மதி இல்லை.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் அந்தக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஜன்னல் இல்லாத உள்ளறையில் உட்கார்ந்துவிடுவாள். பனிக்காலம் வரை ஒன்றுமில்லை. மாசி பிறந்தது. காற்று காய்ந்து, உதடு வெடித்து, காட்டில் பருத்தி வெடித்தது. அந்த வாரம்தான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. காய்ந்த சுள்ளியை யாரோ மெல்ல மெல்ல ஒடிப்பது போன்ற சத்தம். அதற்கு நடுவே அக்கா பேசுவாள். "வந்துட்டியாடா... இம்புட்டு நாளா எங்கடா கெடந்த..." பிறகு சிரிப்பு. மகன் செத்தபிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

அன்று ராத்திரி பாயைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பொழுது சாயும்போது அவளே கூப்பிட்டாள். "டீச்சரு, இங்க வாங்க. விளக்கு கொண்டு வராதீக. வெளிச்சத்தக் கண்டா மறைஞ்சிருவான்."

உள்ளே கும்மிருட்டு. கம்பளியைத் தலையிலிருந்து விசுக்கென்று இழுத்தாள். படபடவென்று சத்தம் வந்தது. அவள் தலைமுடி நெடுக நீலப் பொறிகள் ஓடின. பொறிகள் மறைந்தபிறகும் முடி படியவில்லை. கம்பளி போன திசையிலேயே எழுந்து நின்றது. "காதுல கிள்ளுறான் டீச்சரு. தெரியுமா, அவன் சின்னதுலயே அப்பிடித்தான். பின்னால வந்து காதக் கிள்ளிட்டு ஓடிருவான். பட்டாளத்துக்குப் போறன்னைக்கு, பஸ்ஸு ஏறப் போனவன் திரும்பி வந்து கிள்ளிட்டுப் போனான்." அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் பொறியை விடப் பயமாக இருந்தது. "நீங்களும் கையக் குடுங்க. உங்களையும் அவனுக்குத் தெரியும்."

நீட்டினேன். என் விரல் கம்பளியைத் தொடவில்லை. தொடுவதற்கு முன்பே அது என்னைத் தொட்டது. சுள்ளென்று ஒரு கிள்ளு. பின்கழுத்து மயிரெல்லாம் எழும்பியது. மாதாவிடம் வேண்டுகிற பிரியதத்த மந்திரம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் மறந்துபோய் வெளியே ஓடி வந்தேன். வருடா வருடம் எபோனைட் கோலைத் தேய்த்துத் தேய்த்துப் பாடம் நடத்திய இந்த பிலோமி டீச்சர்தான் ஓடினாள்.

இப்படிப்பட்ட சங்கதி எங்கள் ஊரில் தங்குமா? தண்ணீர்க் குடத்தோடு சேர்ந்து வீடு வீடாகப் போனது. ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்து வெள்ளிக்கிழமை மாலை, மிக்கேல் உபதேசியார் தீர்த்தச் சீசாவோடு வந்து நின்றார். சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் எங்கள் ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வதும், பிணம் அடக்குவதும், சண்டை தீர்ப்பதும் உபதேசியார்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எல்லாக் கேள்விக்கும் பதில் கைவசம் வைத்திருப்பவர், அவ்வளவுதான்.

அவர் முன்னால் அக்கா கம்பளியை இழுத்தாள். படபடத்தது. உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டு சீசாவைத் திறந்து கம்பளி முழுக்கத் தாராளமாகத் தெளித்தார். "இப்ப இழு தெரசா."

இழுத்தாள். சத்தமே இல்லை. மறுபடி இழுத்தாள். கம்பளி வெறும் கம்பளியாக இருந்தது. வாசலில் நின்ற கூட்டம் ஐயோ என்றது.

உபதேசியார் முகம் இறுகியது. அவருடைய கணக்கு இப்படிப் போனது. மோட்சத்துக்கு முன்னால் பாவம் கழிய வேகிற உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாவாக இருந்தால் தீர்த்தம் பட்டதும் குளிர்ந்திருக்கும், சந்தோஷப்பட்டிருக்கும். தீர்த்தம் பட்டதும் ஓடுவது ஒன்றே ஒன்றுதான். "பேய் குடிகொண்ட துணியில பேய்தான் பேசும். பூசு வாங்காமச் செத்த புள்ள அது கையில மாட்டிக்கிச்சு. இனி அவனுக்குப் பூசை வைக்கிறதும் வீண் தெரசா. ஞாயித்துக்கெழம செபம் முடிஞ்சதும் கோயில் பின்னால கம்பளியக் கொளுத்திருவோம்."

அக்கா அழவில்லை. நனைந்த கம்பளியைக் கொண்டுபோய்க் கொல்லைக் கொடியில் போட்டாள். அன்று அடுப்பு எரியவில்லை. மறுநாள் நான் கம்மங்கஞ்சி கொண்டுபோய் வைத்தேன், ஆடை படிந்து அப்படியே இருந்தது.

"என் புள்ள நரகத்துல கெடக்கையில எனக்கு என்னத்துக்கு டீச்சரு கஞ்சி?" என்றாள். "ஒவ்வொரு நாளும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசுனேனே. பேய்கிட்டயா பேசுனேன்? அவன் அங்க வேகையில நான் இங்க சிரிச்சுக்கிட்டு இருந்தனா?"

எனக்கு உபதேசியார் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் கோபப்பட்டு என்ன செய்ய? தீர்த்தம் பட்டு நின்றதை நானும் கண்ணால் பார்த்தவள்.

சனிக்கிழமை மத்தியானம் காற்று அனலாக அடித்தது. கொல்லையில் கம்பளி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. எடுத்து மடித்து வைப்போம் என்று கொடியிலிருந்து இழுத்தேன். படபட. கையை எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போனேன். அப்போது பக்கத்து வீட்டில் யாரோ பருத்தி உலர்த்தியிருந்தார்கள். காற்றில் பறந்த பஞ்சு ஒன்று எங்கள் கொல்லைக்கு வந்து, கம்பளிக்கு ஒரு சாண் தூரத்தில் திரும்பி, தாவிப்போய் ஒட்டியது. கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு யாரோ தள்ளிவிட்ட மாதிரி விலகித் தெறித்தது. இன்னொன்று வந்தது. அதுவும் ஒட்டியது, அதுவும் தெறித்தது.

இந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில், நூலில் தொங்கும் நெட்டிப் பந்துகளாக. முதலில் இழுக்கும், தொட்டபிறகு தள்ளும்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். முந்தானை அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. பெட்டியைத் திறந்து எபோனைட் கோலையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, செல்வதுரையின் கம்பளியால் கோலைத் தேய்த்துக் காகிதத் துணுக்குகளுக்கு மேல் பிடித்தேன். அத்தனையும் எழும்பி வந்து ஒட்டின. கொல்லையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அழவும் செய்தேன். புத்தகத்தைப் புரட்டினால் அங்கே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, நன்கு உலர்ந்த கம்பளியால் தேய்க்கவும் என்று. உலர்ந்த. அந்த ஒரு சொல்லை நான் வருடா வருடம் சத்தமாக வாசித்துவிட்டு, சொட்டுகிற கூரைக்கடியில் நின்று தேய்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் கோயிலுக்குப் பின்னால் வரச் சொன்னேன். இந்துப் பிள்ளைகளையும்தான். செபம் முடிந்து ஊர் திரண்டு வந்தது. சுள்ளி அடுக்கியிருந்தார்கள். அக்கா கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு நிமிசம் உபதேசியாரே. கொளுத்துறதுக்கு முன்னால பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக்கிறேன்" என்றேன்.

அக்கா கையிலிருந்து கம்பளியை வாங்கி என் தலைமேல் போட்டு இழுத்தேன். படபடத்தது. உபதேசியார், "பாத்தீகளா, திரும்ப வந்துருச்சு!" என்றார். கூட்டம் பின்வாங்கியது. எங்கள் வகுப்பு சங்கரம்மாள் ஆடுகள் தண்ணீர் குடிக்கிற ஆட்டுத்தொட்டியிலிருந்து ஒரு சட்டி உப்புத் தண்ணீர் மோந்து வைத்திருந்தாள். அதை வாங்கிக் கம்பளியில் தெளித்தேன். இழுத்தேன். சத்தமில்லை.

"டீச்சரம்மா!" உபதேசியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "தீர்த்தமும் ஆட்டுத்தொட்டித் தண்ணியும் உங்களுக்கு ஒண்ணா? இத நான் சாமியாருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். இந்தப் பள்ளிக்கூடத்துல நீங்க இருக்க முடியாது."

"சொல்லுங்க. அதுக்கு முந்தி உங்க கம்பளியக் கொண்டு வரச் சொல்லுங்க."

அவர் வீட்டுச் சுவரில் அவருடைய கம்பளி காய்ந்துகொண்டிருந்ததை வரும்போதே பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நம்மூர்க் குறும்பாட்டு மயிரில் நெய்த கறுப்புக் கம்பளி. அவர் பதில் சொல்வதற்குள் சங்கரம்மாள் ஓடிப்போய் எடுத்து வந்துவிட்டாள். "உங்க தலையில நீங்களே போட்டு இழுங்க. நான் தொட மாட்டேன்" என்றேன்.

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. போட்டு இழுத்தார். படபடவென்று அதே சத்தம். எண்ணெய் வைக்காத தலைமுடி அத்தனையும் எழுந்து நின்றது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சிரிக்காமல் நின்றது உபதேசியாரும் அக்காவும்தான்.

"உங்க கம்பளியில எந்தப் பேய் இருக்கு?" என்று கேட்டேன். "காஞ்ச கம்பளி, காஞ்ச முடி. உரசுனா ஒண்ணு கொஞ்சம் மின்சாரத்த இழக்கும், இன்னொண்ணு வாங்கிக்கிரும். இழந்ததும் வாங்குனதும் ஒண்ணையொண்ணு இழுக்கும். ரெண்டுக்கும் நடுவுல தாவுறதுதான் அந்தப் பொறி. வானத்துல மின்னுறதும் இதுதான், அது பெருசு. ஈரம் பட்டா மின்சாரம் அதுவழியா கசிஞ்சு போயிரும். அது தீர்த்தத்தோட ஈரமா இருந்தாலும் சரி, தொட்டியோட ஈரமா இருந்தாலும் சரி."

உபதேசியார் தலையைத் தடவி முடியைப் படிய வைத்தார். அது மறுபடி எழும்பியது. தன் கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "தீர்த்தம் தீர்த்தம்தான் டீச்சரம்மா" என்றார் கடைசியில்.

"அத நான் இல்லேன்னு சொல்லல. ஒரு பிள்ள நரகத்துக்குப் போச்சுன்னு சாட்சி சொல்ல அதக் கூப்பிடாதீக."

அவர் குனிந்து அடுக்கியிருந்த சுள்ளியைக் காலால் கலைத்தார். பிறகு அக்காவிடம் போய் நின்று, "சாமியாரு வாரப்போ பயலுக்கு ஒரு பூசை வச்சிருவோம் தெரசா" என்றார். என்னை அவர் அதற்குப்பிறகு வேலையை விட்டு நீக்கச் சொல்லவில்லை, என்னோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அது நியாயம்தான்.

அன்று அக்கா கஞ்சி குடித்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஜெயித்த திமிரில் மின்சாரத்தைப் பற்றி என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"பேயி இல்ல. சரி டீச்சரு. அப்ப அவனும் இல்ல, அப்பிடித்தான?"

பேயை விரட்டுகிற மும்முரத்தில் அவனையும் சேர்த்து விரட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நரகத்திலிருந்து அவனை மீட்டுவிட்டேன். மீட்டு எங்கே கொண்டுவந்து விட்டேன்? எங்குமே இல்லை. பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"கம்பளி சும்மா கெடந்தா அதுல ஒண்ணும் இல்லக்கா. நீங்க போத்துனாத்தான் வரும். ரெண்டும் சேந்தாத்தான் உண்டு. ஒண்ணு இழக்கணும், ஒண்ணு வாங்கணும்."

"இதுல இழந்தது எது?"

"கம்பளியா முடியான்னு புஸ்தகத்துல போடலக்கா."

"போட வேணாம்" என்றாள் அக்கா. "எனக்குத் தெரியும்."

அந்த மாசியில் மின்சாரப் பாடத்தை மறுபடி நடத்தினேன். ஐப்பசியில் நடத்தியாயிற்றே என்று யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். அக்காவே கம்பளியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து விரலை நீட்டினார்கள். ஒவ்வொருவரும் "ஆ!" என்று கையை உதறினார்கள். சங்கரம்மாள், "சுள்ளுனு கிள்ளுது டீச்சர்" என்றாள்.

"அவன் அப்பிடித்தான் தாயீ" என்றாள் அக்கா. "கிள்ளிட்டு ஓடிருவான்." இருட்டில் அவள் சிரிப்பது கேட்டது. நான் திருத்தவில்லை.

வெயில் காலம் போய், ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. கம்பளி வாயை மூடிக்கொண்டது. கல்லறைத் திருநாளன்று ஊரே தூறலில் குடை பிடித்துக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றப் போயிருந்தது. அக்காவுக்குப் போவதற்குக் கல்லறை இல்லை. உள்ளறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மழைச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. வராது என்று எனக்குத் தெரியும். ஏன் வராது என்பதை எட்டாம் வகுப்புக்கே சொல்லிக் கொடுத்தவள் நான்தான். ஆனாலும் பாயைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, காதை மண்ணில் பதித்துக்கொண்டு, அந்தச் சுள்ளி ஒடிகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை. செல்வதுரையோடு நான் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதில்லை.

பொறுக்கமாட்டாமல் எழுந்து போனேன். கேட்காமலே கம்பளியின் ஒரு முனையை எடுத்து என் தலையில் போட்டு இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும் இழுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஈரமா இருக்கு டீச்சரு. நீங்கதான சொன்னீக" என்றாள். கம்பளியை என் தோளைச் சுற்றிப் போட்டுவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "மாசி வரட்டும். அதுவரைக்கும் பொறுத்துத்தான் ஆகணும்."

பிறகு அந்த இருட்டில் கையைத் துழாவி என் காதைப் பிடித்து மெல்லக் கிள்ளினாள்.